கட்டைவிரல் ஈரம்

ஒரு மனிதனின் பார்வை இன்னொரு மனிதனின் குடலை ஒன்றும் செய்துவிட முடியாது.

உலகத்துக்கு இந்த உண்மையை அறிவித்தவன் டாக்டர் லியாண்ட்ரோ கபாஹுக். வயது முப்பத்து மூன்று. புண்டா லாவிஸ் துறைமுக ஊரின் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு அறுவை செய்பவன். அந்த மாகாணத்தில் அந்த வேலைக்கு ஒருவன்தான் உண்டு என்பதால், தரவரிசையில் முதலிடமும் அவனுக்கே, கடைசி இடமும் அவனுக்கே. உண்மையை வாயால் சொன்னால் போதாதென்று வெளிநோயாளிகள் அறை வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் மாட்டியிருந்தான்:

"குழந்தைகள் மேல் எச்சில் தடவாதீர். உசோக் என்று ஒரு நோய் இல்லை. கிருமி என்று ஒன்று இருக்கிறது."

அந்தக் கடற்கரையில் உசோக் தெரியாதவர் கிடையாது. புது ஆள் ஒருவர் குழந்தையை ஆசையாகப் பார்த்துவிட்டால் பட்டுவிடும்... வயிறு உப்பும், வாந்தி வரும், வீறிட்டு அழும். அதற்குப் பரிகாரமும் சுலபம். பார்த்தவரே கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்துவிட வேண்டும். தாய்மார்கள் பலகையைப் படித்தார்கள். டாக்டர் சொன்னால் சரிதான் என்று தலையாட்டினார்கள். பிறகு பலகைக்குப் பின்பக்கம் போய் எச்சில் தடவினார்கள்.

லியாண்ட்ரோவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அவன் கையில் எந்தக் குழந்தையும் அழாது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஊரைக் கூட்டும் குழந்தைகூட அவன் விரல் பட்டால் வாயை மூடிக்கொள்ளும். நர்சுகள் இதை அதிசயமாகப் பேசினார்கள். அவன் அடக்கமானவன். அதிசயம் என்று சொல்ல மாட்டான், திறமை என்றுதான் சொல்வான்.

இந்த இரண்டு பெருமைகளோடும் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை அவன் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

சந்தை முக்கில் ஒரு ட்ரைசிக்கிளுக்கு, பக்கப் பெட்டி வைத்த வாடகை மோட்டார் சைக்கிளுக்கு, கைகாட்டினான். வண்டி நின்றது. அவன் குடையை மடக்குவதற்குள் பக்கப் பெட்டிக்குள் இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி பதின்வயதைத் தாண்டாத தாய். இன்னொருத்தியின் மஞ்சள் மழைக்கோட்டுக்குள் ஒரு குழந்தை.

"இது நான் கூப்பிட்ட வண்டிங்க."

"கூப்பிட்டது நீங்க. ஏறினது நாங்க" என்றாள் மழைக்கோட்டுக்காரி.

"நான் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

"நாங்க நோயாளி, டாக். நாங்க போய்ச் சேராம நீங்க மட்டும் முன்னாடி போய் என்ன பண்ணுவீங்க? நாற்காலிக்கு வைத்தியமா?"

ஓட்டுநர் சிரித்தே விட்டான். "பின்னாடி உக்காருங்க டாக். நனைவீங்க. இன்னிக்கு யாருதான் நனையல!"

ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் குடையும் ஒரு கையில் மானமுமாக லியாண்ட்ரோ திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவள் கண்கள்...

கண் என்றால் லென்ஸ், நீர், நரம்பு. அவன் படித்த புத்தகத்தில் அவ்வளவுதான் போட்டிருந்தது. ஆனால் அந்த இமைகளில் மழைத்துளிகள் வந்து நின்றன... விழ மறுத்தன. விழிகள் கறுப்பு. தூங்காதவளின் கறுப்பு. அதற்குள்ளே எங்கேயோ ஒரு சிரிப்பு, அவனைப் பார்த்தா, அவன் குடையைப் பார்த்தா என்று தெரியாமல்...

"என்ன அழகு..." என்றது அவன் வாய்.

சொன்ன பிறகு, குழந்தையின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"எச்சில் வைங்க" என்றாள் அவள்.

"என்னது?"

"ஆசையாப் பாத்துட்டீங்க, அழகுன்னும் சொல்லிட்டீங்க. உள்ளங்கால்ல வைங்க." மழைக்கோட்டின் ஓரத்தை விலக்கி ஒரு பாதத்தை நீட்டினாள். இரண்டு அங்குலப் பாதம்.

"நான் டாக்டர்ங்க!"

"டாக்டருக்கு எச்சில் ஊறாதா?"

ஓடும் வண்டியில், கொட்டும் மழையில், பார்வைக்கும் குடலுக்கும் ஏன் சம்பந்தமில்லை என்று லியாண்ட்ரோ விளக்கினான். பாதி விளக்கத்தில் வாய்க்குள் மழைநீர் போனது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பாத்தவங்கதான் வைக்கணும் டாக். மத்தவங்க வெச்சா பலிக்காது. குழந்தைக்குன்னு இல்ல... எதை ஆசையாப் பாத்தாலும்."

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"சிகாவ் தீவுல மருத்துவச்சி. ஜோவெலின் ஒம்பாய். அரசாங்கச் சம்பளம், படிச்சுப் பாஸானவ."

"படிச்சுட்டுமா இதெல்லாம்?"

"தடுப்பூசியும் போடறேன், எச்சிலும் வைக்கறேன். ரெண்டும் இதுவரைக்கும் சண்டை போட்டதில்ல."

பாதம் மறுபடி மழைக்கோட்டுக்குள் போனது. ஈரமில்லாமல்.

*

அரை மணி கழித்து அதே மழைக்கோட்டு அவன் மேசைக்கு முன்னால் வந்து நின்றது.

குழந்தைக்கு ஐந்து வாரம். ஏழரை மாதத்திலேயே பிறந்தது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அதனால் தீவில் எல்லா ஆண் குழந்தைக்கும் உள்ள செல்லப்பெயர்தான், டோடோங். தாயின் பெயர் ரிசெல். தகப்பன் மீன்பிடிக் கப்பலில் எங்கோ. ரிசெல் துணியைப் பிரிக்க, வயிற்றைச் சுற்றி இறுக்கமாக ஒரு பிக்கிஸ், குழந்தைகளுக்குக் கட்டும் துணிக்கட்டு. தொப்புளின் மேல், கட்டுக்கடியில், ஓர் ஐந்து பீசோ நாணயம்.

"இது என்ன, உண்டியலா?" என்றான் லியாண்ட்ரோ.

ரிசெல் தலையைக் குனிந்துகொண்டாள். தொப்புள் பிதுங்கினால் நாணயம் வைத்துக் கட்டுவது அங்கே வழக்கம். கட்டினால் உள்ளே போய்விடும் என்பார்கள்.

"நான் மூணு தடவை அவுத்தேன். நாலு தடவை கட்டிட்டாங்க" என்றாள் ஜோவெலின். "ஆனா நான் கூட்டிட்டு வந்தது தொப்புளுக்கு இல்ல டாக். வலது தொடையிடுக்கு. அழும்போது காடை முட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வருது. தூங்கினா காணாமப் போயிடுது. மூணு தடவை என் கண்ணால பாத்தேன்."

பிறப்பதற்கு முன் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன வாசல் அங்கே உண்டு. அவசரமாகப் பிறக்கிறவர்கள் பலபேர் கதவைச் சாத்தாமல் வந்துவிடுகிறார்கள். அழும்போது, முக்கும்போது, அதன் வழியே குடல் நழுவி இறங்கும். தொப்புள் பிதுக்கம் தானாகச் சரியாகும், இது ஆகாது. இறங்கிய குடல் திரும்பி ஏறினால் ஒன்றுமில்லை. ஏறாமல் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் எல்லாம் முடிந்துவிடும். லியாண்ட்ரோ இதை மாணவர்களுக்கு வருடாவருடம் பாடம் எடுப்பவன்.

அவன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். குழந்தையைத் தொட்டான். டோடோங் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டு, அடங்கிப்போனான். வீக்கம் இல்லை. விரலால் இடுக்கை மெல்ல உருட்டிப் பார்த்தான். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம்...

விரலுக்கடியில் ஏதோ வழுகியது. பட்டுத் துணியின் இரண்டு மடிப்பு ஒன்றோடொன்று உரசினாற்போல.

அதே நொடியில் பார்ப்பதற்காக ஜோவெலின் குனிந்தாள். அவள் கூந்தலிலிருந்து ஒரு துளி அவன் மணிக்கட்டில் விழுந்தது. அவன் நிமிர்ந்தான். ஒரு சாண் தூரத்தில் அந்தக் கண்கள்... இந்தத் தடவை அவற்றில் சிரிப்பு இல்லை. கவலை மட்டும். கவலையிலும் ஒரு கண் இவ்வளவு...

மறுபடி குனிந்தபோது, விரல் என்ன சொன்னது என்பது அவனுக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதும் நினைவில்லை.

"ஒண்ணும் தெரியல" என்றான்.

"அழ வெச்சுப் பாருங்க டாக்."

"என் கையில குழந்தைங்க அழாது, மிஸ் ஒம்பாய்."

பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ் பெர்பெ, எல்லோரும் 'மனாங்' என்று அக்கா முறையில் கூப்பிடுகிறவள், "அது உண்மைதான்மா" என்று சாட்சி சொன்னாள்.

"பால் நேரம் தள்ளிப்போனா அழுவான். அரை மணி காத்திருங்க."

"வெளியே நாப்பது பேர் காத்திருக்காங்க."

"அப்ப வார்டுல ஒரு நாள் வெச்சுப் பாருங்க. தீவுக்குப் போயிட்டா அப்புறம் வியாழக்கிழமைதான் படகு. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா..."

"ஒண்ணுமில்லாத குழந்தைக்குப் படுக்கை கிடையாது." கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். ட்ரைசிக்கிளில் தோற்றது உள்ளே எங்கோ உறுத்தியது. சீட்டில் எழுதினான்: தொப்புள் பிதுக்கம், இரண்டு வயதுக்குள் தானாக மூடும், நாணயம் வைக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து வரவும்.

ஜோவெலின் சீட்டை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"உங்க கை நல்ல கை டாக்" என்றாள். "அதுதான் பயமா இருக்கு."

அன்று முழுக்க லியாண்ட்ரோ நோயாளிகளைப் பார்த்தான். யாரையும் பார்க்கவில்லை. ஒரு மருந்துச் சீட்டில் தேதி போடும் இடத்தில் 'சிகாவ்' என்று எழுதியிருந்தான். மருந்துக்கடைக்காரர் அதை நிறுவனத்தின் பெயர் என்று நினைத்து ஸ்டாக் இல்லை என்றாராம்.

*

வியாழக்கிழமை முற்பகல், தாழ்வாரத்தின் கோடியில் ஓர் அழுகை கேட்டது.

இருமல் அழுகை, பசி அழுகை, ஊசி அழுகை எல்லாம் அவனுக்குத் தெரியும். இது வேறு. மூச்சு வாங்கி வாங்கி, தேய்ந்து தேய்ந்து, நிற்காமல்...

முழங்கால் வரை கடல்நீரில் நனைந்த பாவாடையோடு ஜோவெலின் ஓடி வந்தாள். பின்னால் ரிசெல். மழைக்கோட்டின் முன்புறமெல்லாம் பச்சை வாந்தி.

"நேத்து மத்தியானத்துலேருந்து. கடல் கொந்தளிப்பு, தனிப் படகும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. இன்னிக்கு விடியறப்ப படகுக்காரர் வீட்டு வாசல்லயே உக்காந்துட்டேன்..."

'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாதது வலித்தது.

லியாண்ட்ரோ குழந்தையை வாங்கினான். அவன் கையில் டோடோங் அழுதான். அவன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கினான். அழுதான். ஏந்தினான், தாலாட்டினான். அழுதான். ஒன்பது வருடத்தில் அந்தக் கையில் அழுத முதல் குழந்தை. வலது இடுக்கில், கல் போல, பளபளவென்று சிவந்த ஒரு வீக்கம்... காடை முட்டை இல்லை. கோழி முட்டை.

வலிக்கு மருந்து கொடுத்து, கால்களை உயர்த்தி, மெல்ல, மிக மெல்ல உள்ளே தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. நேரம் கடந்துவிட்டிருந்தது. இன்னும் அழுத்தினால் செத்த குடலை உள்ளே அனுப்புவதாக முடியும்.

"ஆபரேஷன்" என்றான்.

ரிசெல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். "செத்துப்போயிடுவானா டாக்?"

"தெரியல, இண்டாய்" என்றான், தங்கச்சி என்று கூப்பிடுவதுபோல. இப்படி ஒரு பதிலை அவன் யாருக்கும் சொன்னதில்லை. "போகவிடாமப் பாக்கறேன்."

தியேட்டர் கதவருகே நின்று அவன் திரும்பினான். ஜோவெலின் சுவரோரம் நின்றிருந்தாள். அவன் கண்கள் தானாக அவள் பக்கம்...

"இப்ப என்னைப் பாக்காதீங்க டாக்" என்றாள் தாழ்ந்த குரலில். "அவனைப் பாருங்க."

அவளுக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தது. லியாண்ட்ரோவுக்குக் காதுவரை சுட்டது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே, டாக்டர்களைவிட வயதான ஒரு மயக்கமருந்து எந்திரம். அதை நம்பாமல் கையாலேயே மூச்சுப்பையை அழுத்திக்கொண்டிருந்த ஒரு மயக்கமருந்து டாக்டர். குளிரில் குழந்தை விறைக்காமலிருக்க ஏசியை அணைத்துவிட்டார்கள். எல்லோரும் வியர்த்தார்கள். இரண்டரைக் கிலோ உடம்பில், தோல் மடிப்பின் மேலேயே, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கீறினான். உள்ளே பை தெரிந்தது. லும்பியா பலகாரத்தின் நனைந்த மாவு உறையைப் போல மெல்லியது, இழுத்தால் கிழியும். அதற்குள் குடல்.

கத்தரிக்காய் நிறம்.

இறுக்கிக்கொண்டிருந்த வளையத்தை வெட்டி அகலமாக்கினான். வெதுவெதுப்பான உப்புநீரில் துணியை நனைத்துக் குடலைப் போர்த்தினான். இனி பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தம் திரும்பினால் நிறம் திரும்பும். பத்து நிமிடத்துக்கு டாக்டருக்கு வேலை கிடையாது, திறமை கிடையாது, ஒன்றும் கிடையாது. சுவர்க் கடிகாரம் மட்டும்.

ஆறாவது நிமிடத்தில் அவன் விரலுக்கு நினைவு வந்தது.

பட்டு. உரசிய பட்டு. வாசல் திறந்திருக்கிறது என்பதற்கு விரல் சொல்லும் அடையாளம் அது. மாணவர்களிடம், 'அழாத குழந்தையிலும் இது கிடைக்கும், விட்டுவிடாதீர்கள்' என்று அவன் வாயாலேயே சொன்னது. கிடைத்தது. செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்கு. அவன் அப்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஆசையாக.

துணியை விலக்கினான். கத்தரி நிறம் வெளுத்து, ரோஜா நிறம் ஏறியிருந்தது... நடுவில் ஒரு விரற்கணு நீளத்தைத் தவிர. அது கறுப்பாகவே கிடந்தது. அதை வெட்டி எடுத்து, முடியைவிட மெல்லிய நூலால் இரண்டு முனைகளையும் சேர்த்தான். அந்தப் பக்கத்து விதைக்கொட்டை நீலம் பாரித்திருந்தது. அதன்மேல் நம்பிக்கை வைக்கும் அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. எடுத்துப் போடும் அளவுக்குத் துணிச்சலும் இல்லை. விட்டுவைத்தான். கடைசியில் பையின் கழுத்தைக் கட்டினான்.

வாசல் சாத்தப்பட்டது. இரண்டு நாள் தாமதமாக.

*

குறிப்பேட்டில் எழுத உட்கார்ந்தபோது மனாங் பெர்பெ காபி கொண்டுவந்து வைத்தாள். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"'தாமதமாகக் கொண்டுவரப்பட்டது'ன்னு எழுதிடுங்க டாக். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. தீவு தூரம், கடல் கொந்தளிப்பு... பொய்கூட இல்ல."

"அப்படி எழுதினா?"

"சுகாதார அலுவலகத்துல அந்த மருத்துவச்சிப் பொண்ணைக் கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கற வேலை. அடுத்த வருஷம் வேற பொண்ணு வரும்." மனாங் பெருமூச்சு விட்டாள். "உங்களை மாதிரி இன்னொரு டாக்டர் வரமாட்டாரே."

லியாண்ட்ரோ பேனாவைத் திறந்தான். 'தாம' என்று எழுதினான். காபி ஆறியது. பேனாவை மூடினான். இரண்டு நாளுக்கு அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. இரண்டு எழுத்தோடு.

வார்டில் நாற்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ். டோடோங் குறைமாதக் குழந்தை. மயக்கமருந்துக்குப் பிறகு அவ்வப்போது மூச்சுவிட மறந்துவிடுவான். மறந்தால் உள்ளங்காலில் சுண்ட வேண்டும். ரிசெலும் ஜோவெலினும் மாறிமாறி அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று தடவை உதடு நீலமாயிற்று. மூன்று தடவையும் ஜோவெலின் சுண்டினாள். மூன்றாவது தடவை லியாண்ட்ரோவும் அங்கே இருந்தான். பதினெட்டு நொடி. அவன் எண்ணினான். அவள் சுண்டிக்கொண்டே இருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு... பிறகு அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகு ஒரு காற்றுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தைத்த குடல் வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே சாட்சி அதுதான். அது வராதவரை பால் கிடையாது.

"டாக், மணிக்கொரு தரம் எதுக்கு வரீங்க?" என்றாள் ஜோவெலின், சனிக்கிழமை. "அவன் காத்து விட்டா நாங்களே சொல்லி அனுப்பறோம்."

"நேர்ல பாக்கணும்."

"காத்தையா?"

பக்கத்துப் படுக்கைத் தாய் சிரித்தாள். லியாண்ட்ரோ சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். முன்தலையில் ஒரு முடிக்கற்றை... பார்வையைப் பிடுங்கிக் கட்டிலின் கம்பியில் வைத்தான்.

"ஜோவெலின்... செவ்வாய்க்கிழமை என் விரல்ல தட்டுச்சு. பட்டு உரசற மாதிரி. நீங்க சொன்னது சரின்னு என் விரலுக்கு அன்னிக்கே தெரியும். அப்ப நான் உங்களைப் பாத்துட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

மழை பெய்தது. அவள் டோடோங்கின் துணியைச் சரிசெய்தாள். பேசியபோது குரலில் குளிர் இருந்தது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அழகா இருக்கேன்னு சொல்றீங்களா, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றீங்களா?"

"ரெண்டும்... ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. முதலாவது எனக்கு. ரெண்டாவது ரிசெலுக்கு. அவளோட குழந்தை. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. முதலாவதை அதுக்கப்புறம் பாக்கலாம்."

ரிசெல் தாழ்வாரத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் பக்கத்தில் ஈரத் தரையில் குந்தினான். அப்படி ஒரு டாக்டர் குந்தி அந்தத் தாழ்வாரம் பார்த்ததில்லை. சொன்னான். எதையும் விடாமல், கடினமான வார்த்தை எதையும் சேர்க்காமல். அன்றைக்கே படுக்கை கொடுத்திருந்தால் குடல் கறுத்திருக்காது. வெட்டியிருக்க வேண்டாம். ஒரு பக்கத்து விதை பிழைக்காமல் போகலாம். உயிர் இன்னும் உறுதியில்லை.

ரிசெல் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"அப்ப..." என்றாள். "நாணயம் காரணம் இல்லையா?"

"என்ன?"

"நான்தான் இறுக்கிக் கட்டினேன். எல்லாரும் திட்டினீங்க. மூணு நாளா நான்தான் கொன்னுட்டேன்னு..."

"நாணயம் இல்ல, இண்டாய். நான்."

அதுவரை அழாத ரிசெல் அப்போது அழுதாள். ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தமாக, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. லியாண்ட்ரோ எழுந்திருக்கவும் இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே குந்தியிருந்தான். கால் மரத்துப்போனது.

பிறகு அறைக்குப் போய், அந்த இரண்டு எழுத்தை அடித்துவிட்டு எழுதினான்: 'செவ்வாயன்றே அறிகுறி என் விரலில் தெரிந்தது. மருத்துவச்சி சரியாகக் கண்டறிந்து, சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். நான் மறுத்தேன். என் கவனம் வேறிடத்தில் இருந்தது. தாமதம் என்னுடையது.' மனாங் பெர்பெ தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலய மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, டோடோங் காற்று விட்டான். மிகச் சிறிய சத்தம். வார்டில் நாற்பது படுக்கையும் கைதட்டியது. அடுத்த ஒரு மணியில் துணியையும் நனைத்து, பால் கேட்டு அழ ஆரம்பித்தான். லியாண்ட்ரோ அவனைக் கையில் வாங்கினான். குழந்தை அடங்கவில்லை. கை காலை உதைத்து, முகம் சிவக்க, ஆஸ்பத்திரியே கேட்கும்படி...

"என்ன டாக், உங்க கை போச்சா?" என்றாள் மனாங்.

"அழட்டும்" என்றான் லியாண்ட்ரோ. அவன் முகத்தைக் குழந்தை மறைத்திருந்தது. நல்லவேளை. "அழட்டும், மனாங்."

*

ஒன்பது நாள் கழித்து, இன்னொரு செவ்வாய்க்கிழமை, படகுத்துறை. தூறல்.

தலைமை அலுவலகம் லியாண்ட்ரோவிடம் விளக்கம் கேட்டிருந்தது. அவன் பாடம் எடுக்கும் வகுப்பு, விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் நேரம் கிடைத்தது என்றும், மருந்துப் பையைக் கொடுக்க மறந்துவிட்டதால்தான் துறைவரை வந்ததாகவும் அவன் சொன்னான். பையில் இருந்தது ஒரு பஞ்சுச் சுருள்.

ரிசெல் படகில் ஏறிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்குத் தலையசைத்தாள். அவ்வளவுதான். அவ்வளவு போதும், அதற்கே தனக்குத் தகுதியில்லை என்று நினைத்துக்கொண்டான். ஜோவெலின் படகில் ஏறும் பலகையருகே நின்றாள். மஞ்சள் மழைக்கோட்டு. இமையில் துளிகள்...

"நீங்க எழுதினதைப் படிச்சேன். சுகாதார அலுவலகத்துல சமையல்காரம்மாவரைக்கும் படிச்சிருக்காங்க. 'கவனம் வேறிடத்தில் இருந்தது.' எந்த இடம்னு விசாரணையில கேட்டா?"

"சொல்லிடுவேன்."

"என்னன்னு?"

"மருத்துவச்சியோட கண்ணுலன்னு."

அவள் கடலைப் பார்த்தாள். "எனக்குக் கோபம் போகல டாக்."

"போக வேண்டாம். எனக்கும் போகல, என்மேல." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஆனா முதலாவதை அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்க. சொல்லிடறேன். உங்களைப் பிடிச்சிருக்கு. ட்ரைசிக்கிள்லயே பிடிச்சுப்போச்சு. அழகுன்னு சொன்னது அவனைப் பாத்து இல்ல."

"தெரியும்" என்றாள். "டோடோங்கூட அன்னிக்கு என்னைத்தான் திரும்பிப் பாத்தான்."

படகின் எஞ்சின் இருமியது.

"சனிக்கிழமை தையலைப் பாக்க யாராவது தீவுக்கு வரணும்" என்றாள், பலகையில் ஒரு காலை வைத்தபடி.

"அது தானாக் கரையற தையல், ஜோவெலின்."

"தெரியும் டாக். படிச்சுப் பாஸானவ."

லியாண்ட்ரோ இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். காயத்துக்கும் பாதத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டான். பிறகு படகின் ஓரத்தில் குனிந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டோடோங்கின் உள்ளங்காலில் வைத்தான். ரிசெல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தான். இன்னொரு முறை விரலை நாக்கில் தொட்டான். ஜோவெலினின் கையை எடுத்து, மணிக்கட்டின் உட்புறம், நாடி துடிக்கும் இடத்தில் வைத்தான்.

தூறல் வலுத்தது. அந்த இடம் நனைந்துவிடாமல் அவள் மறுகையால் மூடிக்கொண்டாள்.